ஹயாட்டல் ஹெர்னியா: மார்புக்குள் ஏறும் இரைப்பையும் அதற்கான அறுவை சிகிச்சையும்

வயிற்றுக்குள் இருக்க வேண்டிய இரைப்பையின் ஒரு பகுதி, உதரவிதானத்தில் உள்ள துளை வழியாக மார்புக்குள் ஏறிவிடும் நிலை ஹயாட்டல் ஹெர்னியா எனப்படும். மருத்துவ அறிக்கைகளில் இது ஹயாட்டஸ் ஹெர்னியா என்றும் எழுதப்படும். நடுத்தர வயதைக் கடந்தவர்களிடம் இது பரவலாகக் காணப்படுகிறது. பெரும்பாலோருக்கு இது எந்தத் தொல்லையும் தருவதில்லை. சிலருக்கு நெஞ்செரிச்சலையும் எதுக்களிப்பையும் தருகிறது. மிகச் சிலருக்கு மட்டும் உயிருக்கே ஆபத்தாக முடிகிறது.

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடம் ஆற்றின் வடகரையில் உள்ள திருமழபாடி போன்ற ஊர்களிலிருந்து வயிற்றுத் தொல்லைக்காக அரியலூருக்கோ, ஆற்றைக் கடந்து தஞ்சாவூருக்கோ சென்று எண்டோஸ்கோப்பி செய்துகொள்பவர்களின் அறிக்கையில் இந்தப் பெயர் இடம்பெறுவதுண்டு. அதைப் படிப்பவர்கள் பொதுவாக இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கின்றனர். ஹெர்னியா என்றாலே வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று அஞ்சுவது ஒன்று. வெறும் வாயுத் தொல்லை என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுவது மற்றொன்று. அறுவை தேவையா இல்லையா என்பதை ஹெர்னியா என்ற பெயர் தீர்மானிப்பதில்லை. அது எந்த வகையைச் சேர்ந்தது, என்ன தொல்லை தருகிறது என்ற இரண்டுமே தீர்மானிக்கின்றன.

பெயர்

ஹெர்னியா என்றால் ஓர் உறுப்பு தான் இருக்க வேண்டிய அறையை விட்டு, சுவரில் உள்ள பலவீனமான இடம் வழியாகப் பிதுங்கி வெளியேறுதல் என்று பொருள். ஹயாட்டஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குத் திறப்பு, இடைவெளி என்று பொருள்.

தமிழில் ஹெர்னியாவைக் குடலிறக்கம் என்று அழைப்பது வழக்கம். தொடை இடுக்கில் ஏற்படும் ஹெர்னியாவுக்கு அப்பெயர் பொருந்தும். அங்கே குடல் கீழ்நோக்கி இறங்குகிறது. ஹயாட்டல் ஹெர்னியாவில் பிதுங்குவது பெரும்பாலும் குடல் அன்று, இரைப்பை. அது இறங்குவதும் இல்லை, மேலே ஏறுகிறது. எனவே இதனை உதரவிதானத் துளைப் பிதுக்கம் என்று சொல்வதே தெளிவானது. தொடை இடுக்குக் குடலிறக்கம் போல இது வெளியே வீக்கமாகத் தெரியாது. கையால் தொட்டுப் பார்த்தும் அறிய முடியாது. குடலிறக்கத்துக்கு அணியும் இறுக்குப் பட்டை இதற்குப் பயன்படாது. வயிற்றை இறுக்குவதால் அது தொல்லையைக் கூட்டவே செய்யும்.

உடலின் அமைப்பு

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் குவிந்த தசைத் தடுப்பே உதரவிதானம். நாம் மூச்சை இழுக்கும்போது இது கீழே இறங்குகிறது, விடும்போது மேலே எழுகிறது. இந்தத் தடுப்பில் மூன்று பெரிய துளைகள் உள்ளன. 8ஆம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் கீழ்ப் பெருஞ்சிரையும், 10ஆம் முள்ளெலும்பின் மட்டத்தில் உணவுக்குழாயும், 12ஆம் முள்ளெலும்பின் மட்டத்தில் பெருந்தமனியும் கடந்து செல்கின்றன. இவற்றுள் உணவுக்குழாய் செல்லும் துளையே ஹயாட்டஸ்.

உணவுக்குழாய் ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது இத்துளையைத் தாண்டி வயிற்றுக்குள் சில செ.மீ. தொலைவு வந்த பிறகே இரைப்பையுடன் சேர்கிறது. இரைப்பையில் உள்ள அமிலம் மேலே வராமல் தடுக்கப் பல ஏற்பாடுகள் ஒன்றாக வேலை செய்கின்றன. உணவுக்குழாயின் கீழ்முனையில் உள்ள சுருக்குத்தசை முதலாவது. துளையின் இருபுறமும் கவட்டை போல நின்று உணவுக்குழாயைப் பிடிக்கும் உதரவிதானத் தசைக்கால்கள் இரண்டாவது. உணவுக்குழாயைத் துளையின் ஓரத்துடன் இணைத்து வைக்கும் மெல்லிய சவ்வு மூன்றாவது. உணவுக்குழாய் இரைப்பையில் சாய்வாக வந்து சேரும் கோணமும் ஒரு தடுப்பாக உதவுகிறது.

சுருக்குத்தசையும் தசைக்கால்களும் ஒரே இடத்தில் சேர்ந்து இறுக்குவதால்தான் கதவு நன்றாக மூடுகிறது. இரட்டைக் கதவில் தாழ்ப்பாள் ஒரு பலகையிலும் அதற்கான துளை மற்றொரு பலகையிலும் நேராக இருந்தால்தான் தாழ் விழும். இரைப்பை மேலே ஏறும்போது சுருக்குத்தசை மார்புக்குள் போய்விடுகிறது, தசைக்கால்கள் கீழேயே நின்றுவிடுகின்றன. இரண்டும் விலகியபின் கதவு சரியாக மூடுவதில்லை. மேலும், மூச்சிழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் கூடுகிறது. இந்த அழுத்த வேறுபாடு அமிலத்தை மேலே தள்ளுகிறது.

வகைகள்

இந்நோயை எக்ஸ்-கதிர்ப் படங்களின் துணையால் முறையாக வகைப்படுத்தியவர் சுவீடன் நாட்டு மருத்துவர் ஆக்கே ஆக்கர்லுண்ட். அவர் 1926இல் மூன்று வகைகளைக் கூறினார். இன்று நான்கு வகைகள் வழக்கில் உள்ளன.

முதல் வகை: வழுக்கும் பிதுக்கம். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடமே துளை வழியாக மேலே வழுக்கிச் செல்கிறது. சில நேரம் தானே கீழே திரும்பியும் வரும். ஹயாட்டல் ஹெர்னியா உள்ளவர்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டினருக்கு இருப்பது இதுவே. இதன் முதன்மைத் தொல்லை எதுக்களிப்பு.

இரண்டாம் வகை: சேருமிடம் தன் இடத்திலேயே இருக்கும். இரைப்பையின் மேல்முகடு மட்டும் உணவுக்குழாயின் பக்கவாட்டில் துளைவழியே மேலே நுழையும். இது மிக அரிது.

மூன்றாம் வகை: முதல் இரண்டும் கலந்தது. சேருமிடமும் முகடும் சேர்ந்தே மேலேறும். பெரிய பிதுக்கங்களில் பெரும்பாலானவை இவ்வகையின.

நான்காம் வகை: இரைப்பையுடன் பெருங்குடல், மண்ணீரல் போன்ற வேறு உறுப்பும் மார்புக்குள் செல்லும்.

இரண்டு முதல் நான்கு வரையிலான வகைகளைப் பொதுவாக உணவுக்குழாய் அருகுப் பிதுக்கம் என்பர். எண்ணிக்கையில் இவை குறைவு. ஆனால் இரைப்பை முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுபோகும் அபாயம் முதன்மையாக இவற்றில்தான் உள்ளது. ஆகவே அறிக்கையில் ஹெர்னியா என்ற சொல்லுக்கு அடுத்து எந்த வகை எனக் குறிக்கப்பட்டுள்ளது என்பதைப் பார்ப்பது முதல் வேலை.

பிறவியிலேயே உதரவிதானத்தில் குறையுடன் பிறக்கும் குழந்தைகளின் நோய் வேறு. அதனை இத்துடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஏன் ஏற்படுகிறது

வயது ஏற ஏற உணவுக்குழாயைப் பிடித்து வைக்கும் சவ்வு தளர்கிறது, துளை அகலமாகிறது. வயிற்றுக்குள் அழுத்தம் தொடர்ந்து கூடினால் இது விரைவுபடும். உடல் பருமன், மகப்பேறு, நாட்பட்ட இருமல், மலச்சிக்கலால் முக்குதல், முதுகெலும்பு கூன் விழுதல் ஆகியவை அழுத்தத்தைக் கூட்டும் காரணங்களாகும். அதிக எடை தூக்குவதும் இவற்றுடன் சேர்த்துச் சொல்லப்படுகிறது. ஆயினும் நெல் மூட்டை சுமக்கும் எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏற்கெனவே பிதுக்கம் உள்ளவர்களுக்குக் குனிந்து நாற்று நடும்போதும் களை எடுக்கும்போதும் எதுக்களிப்பு கூடுவது இயல்பு. குனியும்போது வயிறு அழுந்துவதே அதற்குக் காரணம்.

அறிகுறிகள்

வழுக்கும் பிதுக்கத்தில் நெஞ்சுக் குழியிலிருந்து மேல்நோக்கி எரிச்சல் பரவும். புளித்த நீர் தொண்டைவரை வரும். படுத்தாலும் குனிந்தாலும் தொல்லை அதிகமாகும். விடியற்காலை வறட்டு இருமல், குரல் கரகரப்பு ஆகியவையும் சிலருக்கு உண்டு. பிதுக்கம் சிறியதாக இருந்தால் அறிகுறி எதுவுமே இல்லாமல் இருக்கலாம்.

உணவுக்குழாய் அருகுப் பிதுக்கத்தில் எரிச்சலைவிட வேறு தொல்லைகள் முன்னிற்கும். சிறிது சாப்பிட்டதும் நெஞ்சு அடைப்பது போன்ற உணர்வு, உண்டபின் மூச்சு வாங்குதல், உணவு இறங்காமை, வாந்தி ஆகியவை அவை. பெரிய பிதுக்கத்தில் உதரவிதானம் உரசும் இடத்தில் இரைப்பையின் உட்சுவரில் நீளவாட்டில் புண்கள் உண்டாவதுண்டு. இவற்றைக் கேமரூன் புண்கள் என்பர். இவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து இரும்புச்சத்துக் குறைவும் சோகையும் ஏற்படும். காரணம் புலப்படாத சோகையுடன் களைத்துப்போகும் முதியவர்களிடம் இதையும் தேடிப் பார்ப்பது நல்லது.

கீழ்க்கண்டவை அவசர அறிகுறிகள்: மேல்வயிற்றில் திடீரெனக் கடும் வலி, ஓங்கரிப்பு இருந்தும் வாந்தி வராமை, இரத்த வாந்தி, தார் போன்ற கருமலம். இரைப்பை முறுக்கிக்கொண்டவர்களுக்குக் கடும் வலி, வாந்தி வராத ஓங்கரிப்பு, மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் செலுத்த முடியாமை என்ற மூன்றும் சேர்ந்து காணப்படும் என்று மோரிட்ஸ் போர்ஹார்ட் 1904இல் விளக்கினார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அதனைப் படிக்கின்றனர்.

நெஞ்சுவலி: வாயுவா, மாரடைப்பா?

நெஞ்சில் வலி வந்தால் வாயு பிடித்துக்கொண்டது என்று சோடா குடிப்பதும் பெருங்காயம் கரைத்துக் குடிப்பதும் நம் ஊர்களில் உள்ள பழக்கம். ஹயாட்டல் ஹெர்னியாவின் வலியும் மாரடைப்பின் வலியும் நோயாளிக்கு ஒன்று போலவே தோன்றக்கூடும். இதயமும் உணவுக்குழாயும் அருகருகே உள்ளன, வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புப் பாதைகளும் நெருக்கமானவை. அனுபவமுள்ள மருத்துவர்களே ஈ.சி.ஜி. பார்க்காமல் பிரித்துச் சொல்லத் தயங்குவர்.

எனவே ஹெர்னியா இருப்பது முன்பே தெரிந்திருந்தாலும், புதிதாக வரும் நெஞ்சுவலியை அதன்மேல் ஏற்றிச் சொல்லக் கூடாது. வியர்வை, இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், நடந்தால் கூடும் வலி ஆகியவை இருந்தால் உடனே 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பே கடும் வலியின்றி, அசீரணம் போல வருவதுண்டு. முதலில் இதயம், அதன்பின் இரைப்பை என்பதே பாதுகாப்பான வரிசை.

கண்டறிதல்

எண்டோஸ்கோப்பி: ஒளியும் ஒளிப்படக் கருவியும் பொருத்திய வளையும் குழாயை வாய் வழியாகச் செலுத்திப் பார்ப்பது. உணவுக்குழாயின் உட்சவ்வு முடியும் எல்லைக்கும் உதரவிதானம் இறுக்கும் இடத்துக்கும் இடையில் 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் விலகல் இருந்தால் பிதுக்கம் எனக் கொள்வர். புண், சுருக்கம், புற்றுநோய் ஆகியவற்றையும் இதில் காணலாம். சோதனையின்போது நோயாளி ஓங்கரிக்கையில் இரைப்பை சற்று மேலேறுவது இயல்பு. அதனால் மிகச் சிறிய பிதுக்கம் ஒருமுறை தெரிந்து மறுமுறை தெரியாமல் போகலாம்.

பேரியம் எக்ஸ்-கதிர்: சுண்ணாம்புக் கரைசல் போன்ற வெள்ளை மருந்தைக் குடிக்கச் செய்து படம் எடுப்பது. பிதுக்கத்தின் அளவையும் வடிவத்தையும் காட்ட இது இன்றும் நல்ல வழி.

சி.டி. ஸ்கேன்: பெரிய பிதுக்கங்களிலும் முறுக்கிக்கொண்டதோ என்ற ஐயம் உள்ளபோதும் தேவைப்படும்.

அழுத்த அளவீடும் அமில அளவீடும்: மூக்கு வழியாக மெல்லிய குழாய் செலுத்தி உணவுக்குழாய்த் தசையின் வலுவையும், 24 மணி நேரத்தில் அமிலம் எத்தனை முறை மேலே வருகிறது என்பதையும் அளப்பர். எதுக்களிப்புக்காக அறுவை திட்டமிடும்போது இச்சோதனைகள் முக்கியமானவை. கீழ்ச் சுருக்குத்தசை திறக்காமல் போகும் அகலேசியா என்ற வேறு நோய் உள்ளவருக்குத் தவறுதலாக இந்த அறுவையைச் செய்தால் உணவு இறங்குவது முற்றிலும் தடைப்படும்.

அறுவை இல்லாத மருத்துவம்

தொல்லை தராத வழுக்கும் பிதுக்கத்துக்கு எந்த மருத்துவமும் தேவையில்லை. எதுக்களிப்பு இருந்தால் பழக்கங்களை மாற்றுவது முதல் படி. உடல் எடை கூடுதலாக இருப்பின் குறைக்க வேண்டும். இரவு உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே 3 மணி நேரம் இடைவெளி வேண்டும். வயிறு முட்ட ஒரே வேளையில் உண்பதைவிடச் சிறிது சிறிதாக உண்பது நல்லது. திருமழபாடியில் பங்குனியில் நடைபெறும் நந்தி திருக்கல்யாணம் போன்ற விழா நாட்களிலும், வீட்டு விசேடங்களிலும் வாழையிலை விருந்து முடித்ததும் பாயை விரித்துச் சாய்வது எதுக்களிப்பை அழைத்து வரும்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ்ச் செங்கலோ மரக்கட்டையோ வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்தலாம். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், பயன் இராது. தரையில் படுப்பவர்கள் இடுப்பிலிருந்து தோள்வரை சரிவாக அமையும்படி மெத்தையின் கீழ் முட்டுக் கொடுக்க வேண்டும். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுப்பது நல்லது. புகையிலை, மது ஆகியவற்றை விட வேண்டும். காபி, தேநீர், காரம், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றில் எது தமக்குத் தொல்லை தருகிறது என்பதை ஒவ்வொருவரும் கவனித்து அதை மட்டும் குறைத்தால் போதும். உடல்வலிக்காகக் கடையில் தாமே வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மருந்துகளில் ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்ற அமிலச் சுரப்புக் குறைப்பிகள் முதன்மையானவை. காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு உட்கொண்டால்தான் இவை முழுமையாக வேலை செய்யும். உண்டபின் எரியும்போது விழுங்கினால் பயன் குறைவு. இவை அமிலத்தைக் குறைக்குமே தவிர, மேலேறிய இரைப்பையைக் கீழே இறக்கா. மருந்தை நிறுத்தியதும் தொல்லை திரும்புவது அதனால்தான்.

யாருக்கு அறுவை தேவை?

அவசர அறுவை: இரைப்பை முறுக்கிக்கொண்டு அடைப்போ, இரத்த ஓட்டத் தடையோ, துளையோ ஏற்பட்டவர்களுக்குத் தாமதமின்றிச் செய்ய வேண்டும். அறுவைக்கு முன் மூக்குக் குழாய் வழியாக இரைப்பையின் அழுத்தத்தைக் குறைக்க முயல்வர்.

திட்டமிட்ட அறுவை: தொல்லை தரும் உணவுக்குழாய் அருகுப் பிதுக்கம் உள்ளவர்களுக்கு, உடல் தாங்குமானால் பரிந்துரைக்கப்படும். தொடர்ந்து இரத்தம் கசிந்து சோகை ஏற்பட்டவர்களும் இதில் அடங்குவர். வழுக்கும் பிதுக்கத்தில், மருந்து உண்டும் புளித்த நீர் மேலே வருவது அடங்காதவர்களும், ஆயுள் முழுதும் மருந்து உண்ண விரும்பாதவர்களும் சோதனைகளுக்குப் பின் அறுவையைத் தேர்ந்தெடுக்கலாம்.

அறுவை வேண்டாதவர்கள்: தொல்லை இல்லாத வழுக்கும் பிதுக்கம் உள்ளவர்கள். இதில் கருத்து வேறுபாடு இல்லை.

தொல்லை தராத உணவுக்குழாய் அருகுப் பிதுக்கம் பற்றி மருத்துவர்களின் கருத்து காலப்போக்கில் மாறியது. ஒரு காலத்தில் எப்போது முறுக்கிக்கொள்ளுமோ என்ற அச்சத்தில் எல்லோருக்கும் அறுவை செய்தனர். 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, இத்தகையவர்களுக்கு அவசர அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.1 விழுக்காடு எனக் கணக்கிட்டது. அதன்பின், முதியவர்களையும் வேறு நோய் உள்ளவர்களையும் கண்காணித்து வருவதும் ஏற்கத்தக்க வழியாயிற்று. தொல்லை தோன்றினால் உடனே வரவேண்டும் என்பது அதன் நிபந்தனை.

அறுவையின் வரலாறு

இந்தப் பிதுக்கத்துக்குத் திட்டமிட்டு அறுவை செய்யும் முறையை ஏஞ்சலோ சொரேசி 1919இல் வெளியிட்டார். தொடக்க காலத்தில் இரைப்பையைக் கீழே இழுத்துத் துளையைத் தைப்பதோடு நிறுத்திக்கொண்டனர். பிதுக்கத்துக்கும் அமில எதுக்களிப்புக்கும் உள்ள தொடர்பை 1951இல் பிரிட்டன் நாட்டு அறுவை மருத்துவர் பிலிப் அல்லிசன் விளக்கிய பிறகே, துளையைச் சிறிதாக்குவது மட்டும் போதாது, தடுப்புக் கதவையும் சீர்செய்ய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது.

அந்தக் கதவைச் செய்து காட்டியவர் ரூடால்ஃப் நிஸ்ஸன். ஜெர்மனியில் பிறந்த யூதரான அவர், நாஜி ஆட்சி வந்ததும் 1933இல் நாட்டை விட்டு வெளியேறித் துருக்கியின் இஸ்தான்புல் நகரில் பணியாற்றினார். அங்கு 1936இல் உணவுக்குழாயின் கீழ்முனையில் புண் இருந்த ஒருவருக்கு அறுவை செய்தபோது, தைத்த இடம் பிரிந்துவிடாமல் இருக்க இரைப்பையின் முகட்டை அதைச் சுற்றி மடித்துத் தைத்தார். பல ஆண்டுகள் கழித்தும் அந்த நோயாளிக்கு எதுக்களிப்பு இல்லை என்பதை அறிந்து வியந்தார். பாதுகாப்புக்காகப் போட்ட மடிப்பே தடுப்புக் கதவாகிவிட்டது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1955இல் எதுக்களிப்புக்கென்றே அந்த அறுவையைச் செய்து, 1956இல் வெளியிட்டார். இன்றும் அது நிஸ்ஸன் மடிப்பு என்றே வழங்குகிறது. முழுச் சுற்றாக இல்லாமல் பகுதிச் சுற்றாக மடிக்கும் முறைகளைப் பிரான்சின் ஜாக் டோர் 1962இலும் ஆந்த்ரே டூப்பே 1963இலும் கண்டனர். வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியாக நிஸ்ஸன் மடிப்பைச் செய்த அனுபவத்தைப் பெல்ஜியத்தின் பெர்னார்ட் டால்மாங் 1991இல் வெளியிட்டார்.

இந்தியாவில் 1990இல் மும்பையில் தெகம்டன் உத்வாடியா துளைவழி அறுவையால் பித்தப்பையை அகற்றினார். தமிழகத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை குடல் அறுவையைத் தனித்துறையாக வளர்த்தவர் 2002இல் பத்மபூஷண் விருது பெற்ற என். ரங்கபாஷ்யம். வயிற்று நோய்களுக்கான துளைவழி அறுவையைப் பரப்பி, மருத்துவர்கள் பலருக்குப் பயிற்சி அளித்தவர்களில் கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையை நிறுவிய சி. பழனிவேலு குறிப்பிடத்தக்கவர்.

அறுவை எவ்வாறு செய்யப்படுகிறது?

இன்று பெரும்பாலும் துளைவழி முறையே, அதாவது லேப்ராஸ்கோப்பி முறையே, கையாளப்படுகிறது. நோயாளிக்கு முழு மயக்கம் அளிக்கப்படும். வயிற்றின் மேற்பகுதியில் 5 முதல் 12 மி.மீ. அளவுள்ள நான்கைந்து துளைகள் இடப்படும். வயிற்றுச் சுவரை உயர்த்தி இடம் உண்டாக்க 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கரியமில வாயு செலுத்தப்படும். ஒரு துளையில் ஒளிப்படக் கருவி செல்லும், மற்றவற்றில் கருவிகள் செல்லும். திரையைப் பார்த்தே மருத்துவர் வேலை செய்வார்.

அறுவையின் படிகள் வருமாறு:

1. மறைத்து நிற்கும் ஈரலின் இடப்பகுதியைத் தூக்கிப் பிடித்தல்.

2. மார்புக்குள் சென்ற இரைப்பையையும் அதைச் சூழ்ந்த பிதுக்கப் பையையும் மெல்லப் பிரித்து வயிற்றுக்குள் இறக்குதல். உணவுக்குழாயை ஒட்டிச் செல்லும் வேகஸ் நரம்புகள் அறுபடாமல் காக்க வேண்டும். அவை பழுதுபட்டால் இரைப்பை சரியாகக் காலியாகாது.

3. இழுப்பு இல்லாமல் உணவுக்குழாயின் 2 முதல் 3 செ.மீ. வயிற்றுக்குள் நிற்கும்படி விடுவித்தல். இது நிறைவேறாவிட்டால் பிதுக்கம் திரும்பும் வாய்ப்பு அதிகம்.

4. விரிந்த துளையின் தசைக்கால்களைக் கரையாத நூலால் சேர்த்துத் தைத்தல். சில பெரிய துளைகளுக்கு வலைத்துண்டு வைப்பதும் உண்டு.

5. இரைப்பையின் முகட்டை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைத்தல். முழுச் சுற்றான 360 பாகை மடிப்பு நிஸ்ஸன் முறை. பின்புறமாக 270 பாகை சுற்றுவது டூப்பே முறை. முன்புறமாக ஏறத்தாழ 180 பாகை மூடுவது டோர் முறை. உணவுக்குழாய்த் தசை வலுக்குறைந்தவர்களுக்குப் பகுதி மடிப்பே ஏற்றது.

மடிப்பு இறுகினால் உணவு இறங்காது, தளர்ந்தால் அமிலம் ஏறும். அதனால் பல மருத்துவர்கள் உணவுக்குழாய்க்குள் தடித்த குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன்மேல் அளவு பார்த்து மடிப்பைத் தைப்பர். மடிப்பின் நீளம் 2 செ.மீ. அளவே இருக்கும். பெரிய அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு, இரைப்பையைக் கீழே இறக்கி வயிற்றுச் சுவருடன் தைத்து நிறுத்துவதோடு முடித்துக்கொள்வதும் உண்டு. இரத்தப்போக்கு, ஒட்டுதல் போன்ற இடர்கள் நேர்ந்தால் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவரலாம். கையெழுத்து இடுமுன் நோயாளி இதனை அறிந்திருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின்

சிக்கல் இல்லாவிட்டால் சில நாட்களில் வீடு திரும்பலாம். தோள்பட்டையில் ஓரிரு நாள் வலி இருப்பது வயிற்றுக்குள் செலுத்திய வாயுவால் உதரவிதானம் உறுத்தப்படுவதால்தான். அஞ்ச வேண்டியதில்லை.

உணவு படிப்படியாக மாறும். முதலில் இளநீர், மோர், வடிகட்டிய கஞ்சி போன்ற நீராகாரம். அடுத்துக் குழைந்த சோறு, நன்கு ஊறிய இட்லி, மசித்த காய். வழக்கமான உணவுக்குத் திரும்ப 4 முதல் 6 வாரம் ஆகும். பரோட்டா, இறைச்சித் துண்டு, உலர்ந்த சப்பாத்தி ஆகியவை தொடக்கத்தில் சிக்கிக்கொள்ளும். சோடா முதலிய வாயு நிறைந்த பானங்களைத் தவிர்க்க வேண்டும். பெரிய மாத்திரைகளைப் பொடித்து உண்ணலாமா என்று மருத்துவரிடம் கேட்டு அறிய வேண்டும், எல்லா மாத்திரைகளையும் பொடிக்கக் கூடாது. மூட்டை தூக்குதல், தண்ணீர்க்குடம் சுமத்தல் ஆகியவற்றை ஏறத்தாழ 6 முதல் 8 வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டும். இருமலும் மலச்சிக்கலும் வராமல் பார்த்துக்கொள்வது தையலைக் காக்கும்.

முதல் சில வாரங்களில் விழுங்கும்போது தடை தோன்றுவது இயல்பு. வீக்கம் வடிய அது குறையும். ஏப்பம் எளிதில் வராமல் வயிறு உப்புவதும் உண்டு. காய்ச்சல், கடும் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தண்ணீர்கூட இறங்காமை ஆகியவை இருந்தால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பயனும் வரம்பும்

அறுவை மருந்தைவிட எப்போதும் மேலானது என்பதும் இல்லை, வீண் என்பதும் இல்லை. ஐரோப்பாவின் 11 நாடுகளில் நடந்த லோட்டஸ் ஆய்வின் ஐந்தாண்டு முடிவு 2011இல் வெளியானது. எதுக்களிப்பு கட்டுப்பட்டோர் எசோமெப்ரசோல் மருந்து உண்டவர்களில் 92 விழுக்காடு, துளைவழி அறுவை செய்துகொண்டவர்களில் 85 விழுக்காடு. புளித்த நீர் மேலே வரும் தொல்லை மருந்துக் குழுவில் 13 விழுக்காட்டினருக்கும் அறுவைக் குழுவில் 2 விழுக்காட்டினருக்கும் இருந்தது. வயிற்று உப்புசம் மாறாக, 28 விழுக்காடும் 40 விழுக்காடும் ஆக இருந்தது. மருந்துக்கு நன்கு கட்டுப்படுபவர் அவசரப்பட்டு அறுவைக்குச் செல்ல வேண்டியதில்லை என்பதும், நீர் மேலேறுவதே முதன்மைத் தொல்லையாக உள்ளவருக்கு அறுவை கூடுதல் பயன் தரும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

பெரிய பிதுக்கங்களில் மீண்டும் வருதல் ஒரு குறை. உயிரியல் வலைத்துண்டு வைத்தும் வைக்காமலும் செய்த அறுவைகளை ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், 6 மாதத்தில் வலை வைத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்கும் வைக்காதவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் பிதுக்கம் திரும்பியிருந்தது. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட தொடர்சோதனையிலோ இவ்வேறுபாடு மறைந்து, இரு குழுவிலும் பாதிக்கு மேற்பட்டோரின் படத்தில் பிதுக்கம் தெரிந்தது. ஆயினும் அவர்களில் மறு அறுவை தேவைப்பட்டவர் மிகச் சிலரே. படத்தில் தெரியும் சிறு பிதுக்கம் வேறு, நோயாளியின் துன்பம் வேறு.

திருமழபாடி வட்டாரத்தினருக்கு

வைத்தியநாதர் என்ற பெயரில் சிவபெருமான் கோயில் கொண்டுள்ள ஊர் திருமழபாடி. இவ்வட்டாரத்தினர் முதல் ஆலோசனையை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெறலாம். மாவட்டத் தலைநகரில் 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. கொள்ளிடத்துக்குத் தெற்கே தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும், மேற்கே திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவமனையும் உள்ளன. இரைப்பை குடல் அறுவைத் துறை உள்ள மருத்துவமனையை அங்குள்ள மருத்துவர்களே பரிந்துரைப்பர்.

செலவைப் பற்றிய அச்சத்தால் தள்ளிப்போடுபவர்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தம் குடும்பம் சேர்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இத்திட்டம் காப்பு அளிக்கிறது. பரிந்துரைக்கப்பட்ட அறுவை அதில் அடங்குமா என்பதைச் சேர்க்கைக்கு முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

அறிக்கையுடன் செல்பவர் ஐந்து கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போகலாம். எனக்கு இருப்பது எந்த வகை? அதன் அளவு என்ன? என் தொல்லைக்கு இதுதான் காரணமா, இதயத்தைப் பார்த்துவிட்டோமா? மருந்தைச் சரியான நேரத்தில், போதிய காலம் உண்டு பார்த்தேனா? அறுவை என்றால் எந்த மடிப்பு, அதற்குமுன் அழுத்த அளவீடு செய்ய வேண்டுமா?

இவற்றுக்கு விடை கிடைத்தபின், வழுக்கும் பிதுக்கம் உள்ள பலர் இரவு உணவு நேரத்தை மாற்றி, தலைமாட்டை உயர்த்தி, தேவையான நாள் மருந்துண்டு நலமாக வாழ முடியும். பெரிய பிதுக்கத்துடன் சோகையோ மூச்சுத்திணறலோ உள்ள சிலர், அது முறுக்கிக்கொள்ளும்வரை காத்திராமல், உடல் தாங்கும் நிலையில் உள்ளபோதே திட்டமிட்டு அறுவை செய்துகொள்வது நல்லது. திட்டமிட்டுச் செய்யும் அறுவையில் உயிரிழப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. முறுக்கிக்கொண்ட பின் அவசரமாகச் செய்யும்போது அது பல மடங்கு கூடுகிறது.